டெமோவில் வராத நாட்கள்

புது மென்பொருள் ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம், குடோன் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் மேஜையில் ஒரு நோட்டைப் பார்த்தேன். பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. இயந்திர உதிரிபாகங்கள் விற்கும் நிறுவனம் எங்களுடையது. அப்போது 60 பேர் இருந்தோம். ஐந்து மாதம் அலசி, மூன்று நிறுவனங்களைக் கூப்பிட்டுப் பேசி வாங்கிய மென்பொருள் அவருடைய திரையில் திறந்துதான் இருந்தது. அவரோ பக்கத்தில் நோட்டை வைத்துப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.

“இது எதுக்குக்கா? எல்லாந்தான் சிஸ்டத்துல இருக்கே.”

“பத்து பீஸ் போய் மூணு திரும்பி வந்தா, முழு பில்லையும் கேன்சல் பண்ணச் சொல்லுது தம்பி. போன மாச பில்லா இருந்தா அதுவும் முடியாது. அதான் இதுல எழுதி வச்சுக்கறேன். மாசக் கடைசியில அக்கவுண்ட்ஸ்ல சொன்னா அவங்க ஏதோ சரிபண்ணிக்கறாங்க.”

அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது நான். 140 வரிகளில் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றைத் தயாரித்திருந்தேன். ஒவ்வொரு வசதிக்கும் மதிப்பெண் போட்டு, எது எவ்வளவு முக்கியம் என்பதற்கும் தனியாக ஒரு எண் கொடுத்து, கூட்டிப் பார்த்து முதலிடம் வந்ததை வாங்கினோம். ‘சரக்கு ரிட்டர்ன்’ என்ற வரியில் மூன்று நிறுவனங்களுக்கும் டிக் விழுந்திருந்தது. அது பொய்யும் இல்லை. மூன்றிலும் ரிட்டர்ன் எடுக்க வழி இருந்தது. எங்களிடம் ரிட்டர்ன் எப்படி வரும் என்பதைத்தான் அந்த அட்டவணை கேட்கவில்லை. பாதியாக வரும். மாதம் தாண்டி வரும். சில சமயம் வேறு பில்லில் போன சரக்கும் அதே பெட்டியில் கலந்து வரும். இதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். தேர்வுக் குழுவில் நிர்வாகம், கணக்கு, விற்பனை மூன்றுக்கும் மேலாளர்கள் இருந்தார்கள். குடோனிலிருந்து ஒருவரும் இல்லை. கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்கப்புறம் இதே நிறுவனத்துக்காகவும், நண்பர்கள் கேட்டு அவர்களுடைய நிறுவனங்களுக்காகவும் பல முறை இந்த வேலையில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த மென்பொருள் நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் தாமதமாகக் கேட்க வேண்டிய ஒன்றாகத் தெரிகிறது. ஆர்டர் வருகிறது, சரக்கு போகிறது, பணம் வருகிறது என்ற சாதாரண நாளைச் சந்தையில் இருக்கும் எந்த மென்பொருளும் சமாளித்துவிடும். விற்பவர்கள் மென்பொருளை ஓட்டிக் காட்டும் டெமோவில் வருவதும் அந்த நாள்தான். பாதி ரிட்டர்ன் வந்த நாள், விலை தப்பாகப் போன பில்லைத் திருத்தும் நாள், ஒரே வாடிக்கையாளர் மூன்று கிளைகளுக்குப் பிரித்துப் பணம் கட்டிய நாள்: இவற்றில்தான் ஒரு மென்பொருளுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவரும்.

பெரிய இடங்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் புதிய சம்பள மென்பொருளுக்கு மாறியது. 70,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள். சிலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்குக் கூடியது, சிலருக்கு வரவே இல்லை. நர்ஸ்களும் டாக்டர்களும் மாதக்கணக்கில் அலைந்தார்கள். அதைச் சரிசெய்து ஓட்டுவதற்கு ஆகும் மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று கணக்கிடப்பட்டது. சம்பளம் போடுவது எளிய வேலை போலத்தான் தோன்றும். ஆனால் அங்கே பல ஊதிய ஒப்பந்தங்கள், 200-க்கும் மேற்பட்ட படிகள், இரவுப் பணி, விடுமுறைப் பணி எல்லாம் சேர்ந்து ஊதியக் கணக்கில் 24,000 வரை சேர்க்கைகள் வந்தன. 2013-இல் அறிக்கை கொடுத்த விசாரணை ஆணையம், அரசு தன் தேவைகளைச் சரியாக வரையறுத்துச் சொல்லாததை முக்கியமான காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. அந்த அறிக்கையைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பச்சை நோட்டுதான் ஞாபகம் வந்தது. ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில், ஏதாவது ஒரு சம்பளப் பிரிவில், அந்தச் சேர்க்கைகளில் பாதியைக் கையால் போட்டுப் பழகிய ஒருவர் இருந்திருப்பார்.

இப்போது நான் முதலில் செய்வது, வேலை நடக்கும் இடத்தில் போய் உட்காருவது. இரண்டு நாளாவது வேண்டும். முதல் நாள் அதிகம் கேள்வி கேட்பதில்லை. திரையோரத்தில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகள், டிராயரில் இருக்கும் நோட்டு, ‘புது_கடைசி_சரியானது’ என்று பெயர் வைத்த எக்ஸெல் கோப்பு, இரண்டு பேர் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழு, இவற்றைப் பார்த்து வைத்துக்கொள்வேன். இப்போதிருக்கும் மென்பொருள் கைவிட்ட வேலைகளெல்லாம் இவற்றில்தான் நடந்துகொண்டிருக்கும். இரண்டாவது நாள் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பேன்: “கடைசியா எப்போ இது சிக்கலாச்சு? அன்னைக்கு என்ன பண்ணீங்க?” ‘உங்களுக்கு என்ன வசதி வேண்டும்’ என்று கேட்டால் எல்லோரும் பொதுவாகத்தான் சொல்வார்கள். வேகமாக இருக்கணும், ஈஸியா இருக்கணும் என்பார்கள். ‘கடைசியாக எப்போது’ என்று கேட்டால் தேதியோடு, பில் நம்பரோடு கதை வரும். அப்படி வந்த கதைகளில் பத்துப் பதினைந்தை அப்படியே எழுதி வைத்துக்கொண்டால் அதுதான் தேவைப் பட்டியல். 140 வரி அட்டவணையைவிட அது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

இந்த இரண்டு நாளைக் கொடுக்க மேலாளர்கள் தயங்குவார்கள். வேலை கெடும் என்பார்கள். நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஐந்து வருடம் கட்டிக்கொண்டு அழ வேண்டிய ஒன்றுக்கு இரண்டு நாள் அதிகமில்லை.

அப்புறம் டெமோ. விற்பனைப் பிரதிநிதிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தங்கள் பொருள் நன்றாகச் செய்வதைக் காட்டுவது அவர்கள் வேலை. ஆனால் டெமோவை அவர்கள் கையில் விட்டுவிட்டால் நமக்குத் தெரிய வேண்டியது தெரியாமலே போய்விடும். அமெரிக்காவின் குப்பை அகற்றும் நிறுவனமான வேஸ்ட் மேனேஜ்மென்ட், தனக்கு மென்பொருள் விற்ற ஜெர்மன் நிறுவனமான எஸ்ஏபி மீது 2008-இல் வழக்குத் தொடர்ந்தது. விற்கும்போது காட்டப்பட்ட டெமோ உண்மையான மென்பொருளே இல்லை, காட்டுவதற்காகத் தயாரித்த மாதிரி என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. எஸ்ஏபி மறுத்தது. 2010-இல் சமரசமாக முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்று நீதிமன்றம் சொல்லும் நிலை வரவில்லை. நான் அந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே, வாங்கப்போகும் பொருளைத் தன் சொந்த டேட்டாவோடு, தன் ஆட்கள் கையால் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் இப்படி ஒரு தகராறு வந்து நிற்கும்.

அதனால் அக்காவின் கதைகளை டெமோவுக்கு ஒரு வாரம் முன்பே விற்பவர்களுக்கு அனுப்பிவிடுகிறேன். பெயர்களையும் தொகைகளையும் மாற்றிய எங்கள் பழைய பில்கள் இருநூறையும் சேர்த்து அனுப்புவேன். “இந்தப் பதினைந்தையும் செய்து காட்டுங்கள். பாதியை நீங்கள் செய்யுங்கள், மீதியை எங்கள் ஆட்கள் உங்கள் திரையில் செய்வார்கள்” என்று சொல்லிவிடுவேன். சில நிறுவனங்கள் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. அதுவும் ஒரு பதில்தான். ‘அடுத்த வெர்ஷனில் வரும்’ என்று சொல்லப்படும் வசதியை இல்லை என்றே குறித்துக்கொள்கிறேன். வந்தால் சந்தோஷம்.

அவர்கள் கொடுக்கும் பழைய வாடிக்கையாளர் தொடர்புகளை அழைத்துப் பேசுவதும் நல்லதுதான். ஆனால் திருப்தியாக இருப்பவர்களைத்தானே கொடுப்பார்கள். அவர்களிடம் “நல்லா இருக்கா” என்று கேட்பதில் பயனில்லை. “இதோடு சேர்த்து எக்ஸெல்லில் எதை வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்கிறேன். உடனே ஒரு சிரிப்பு வரும், பிறகு உண்மை வரும். விட்டுப் போன வாடிக்கையாளர் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேச முடிந்தால் இன்னும் நல்லது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு குழி இருக்கிறது. அதிலும் நான் விழுந்திருக்கிறேன். விதிவிலக்குகளையெல்லாம் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் மென்பொருள் செய்தே ஆக வேண்டும் என்று அதை வெட்டி ஒட்டி மாற்றச் சொல்வது. ஜெர்மனியின் லிட்ல் பல்பொருள் அங்காடி நிறுவனம் 2011-இல் தொடங்கிய ஈஆர்பி (கணக்கு, சரக்கு, கொள்முதல் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) திட்டத்தை 2018-இல் கைவிட்டது. சுமார் 50 கோடி யூரோ செலவாகியிருந்தது. லிட்ல் தன் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டு வந்தது. மென்பொருளின் அமைப்போ விற்பனை விலையை வைத்து இயங்கியது. நிறுவனம் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை, மென்பொருளை மாற்றியது. அந்த மாற்றங்கள் சிக்கலையும் செலவையும் ஏற்றின என்று அப்போது செய்திகள் வந்தன. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மாநகராட்சி 2022 ஏப்ரலில் ஆரக்கிள் நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறியபோதும் தங்கள் பழைய வழக்கத்துக்கேற்பச் செய்த மாற்றங்கள்தான் பெரிய தலைவலியாயின. வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பகுதி ஒழுங்காக வேலை செய்யவில்லை. சுமார் 2 கோடி பவுண்டு என்று திட்டமிட்ட செலவு 10 கோடியைத் தாண்டும் என்ற மதிப்பீடு வந்தது. கடைசியில், மாற்றங்கள் இல்லாத நிலையான வடிவத்தையே திரும்ப நிறுவுவது என்று முடிவெடுத்தார்கள்.

அப்படியானால் எதை மென்பொருளிடம் கேட்பது, எதை நாம் மாற்றிக்கொள்வது? இதற்கு என்னிடம் சுத்தமான விடை இல்லை. ஒவ்வொரு விதிவிலக்கையும் எடுத்து, இது யாருக்காக இருக்கிறது என்று கேட்கிறேன். பாதி ரிட்டர்ன் வாடிக்கையாளருக்காக இருக்கிறது. அதை நிறுத்தினால் அவர் வேறு கடைக்குப் போவார். அதனால் மென்பொருள்தான் வளைய வேண்டும். ஆனால் எங்களிடம் ஒரு பில்லுக்கு நான்கு பேர் ஒப்புதல் கொடுக்கும் வழக்கம் இருந்தது. விசாரித்துப் பார்த்தால், எப்போதோ நடந்த ஒரு தவறுக்காக வந்த வழக்கம். அதைக் கொண்டுவந்த மேலாளர் ஓய்வு பெற்றே பல வருடமாகிவிட்டது. அதற்காகக் காசு கொடுத்து மென்பொருளை மாற்றச் சொல்லியிருந்தேன். இரண்டு பேர் ஒப்புதல் போதும் என்று அரைமணி நேரத்தில் முடிவெடுத்திருக்கலாம்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லைசென்ஸ் அல்லது சந்தா கண்ணுக்குத் தெரியும். பழைய டேட்டாவைச் சுத்தம் செய்வது, பயிற்சி, மற்ற மென்பொருள்களோடு இணைப்பது, இரண்டையும் சேர்த்து ஓட்டும் மாதங்களில் ஆகும் இரட்டை வேலை, இவை கண்ணுக்குத் தெரியாது. இவற்றையும் எழுதி, ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

டேட்டாவை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அமெரிக்க உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் எழுதிப் பரவலான ஒரு முறை இருக்கிறது. திட்டம் தொடங்கும் முன்பே, அது தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். எங்கள் இரண்டாவது முயற்சியில் இதைச் செய்தோம். மேலாளர்கள் எழுதியதெல்லாம் நாங்கள் எதிர்பார்த்ததுதான். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒரே வரி எழுதியிருந்தார்: “ஒரே வாடிக்கையாளர் நம்மிடம் நான்கு பெயரில் இருக்கிறார்.” உண்மைதான். எழுத்துப் பிழை, பழைய பெயர், கிளைப் பெயர் என்று நான்கு பதிவுகள். அப்படியே புது மென்பொருளுக்குக் கொண்டுபோயிருந்தால் நிலுவைக் கணக்கு ஒன்றுகூட நேராக வந்திருக்காது. அதைச் சுத்தம் செய்யவே ஏழு வாரம் ஆனது. கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வந்திருக்காது. எழுதச் சொன்னதால் எழுதினார்.

எப்போது மாறுவது என்பதும் வாங்கும் முடிவின் ஒரு பகுதிதான். அமெரிக்காவின் ஹெர்ஷி மிட்டாய் நிறுவனம் 11.2 கோடி டாலர் செலவில் மூன்று பெரிய மென்பொருள்களை ஒரே நேரத்தில் கொண்டுவந்தது. ஓட வேண்டிய தேதி தள்ளிப்போய், 1999 ஜூலையில் எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டார்கள். அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியும் காலம் அது. சரக்கு இருந்தும், சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை நேரத்தில் அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டில் லாபம் 19 சதவீதம் குறைந்தது. ஒரு வருடத்தில் எந்த இரண்டு மாதம் தப்பு நடந்தாலும் தாங்குவோம் என்று தெரிந்துகொண்டு, அதற்குள்தான் மாற வேண்டும். அந்தத் தேதி தவறினால் அடுத்த அமைதியான காலத்துக்குக் காத்திருப்பது மேல். விற்பவர் தன் காலாண்டு முடிவதற்குள் கையெழுத்து வேண்டும் என்று தள்ளுபடி தருவார். அது அவருடைய காலண்டர். நம்முடையதை அதற்காக மாற்றக் கூடாது.

வெளியேறும் வழியை நான் நெடுநாள் கவனிக்கவில்லை. வாங்கும் உற்சாகத்தில் பிரிவைப் பற்றிப் பேசுவது யாருக்கும் பிடிப்பதில்லை. நிர்வானிக்ஸ் என்ற அமெரிக்க கிளவுட் சேமிப்பு நிறுவனம் (இணையம் வழியாக மற்றவர்களின் டேட்டாவைத் தன் கணினிகளில் வைத்துக் காப்பது) 2013 செப்டம்பரில் தன் வாடிக்கையாளர்களிடம், இரண்டு வாரத்துக்குள் உங்கள் டேட்டாவை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றது. பிறகு அவகாசத்தைக் கொஞ்சம் நீட்டித்தார்கள். டெராபைட் கணக்கில் டேட்டா வைத்திருந்தவர்களுக்கு அதை இறக்கி முடிக்கவே நேரம் போதாது. நிறுவனம் மூடவே வேண்டாம், கைமாறினாலே போதும். 2023 நவம்பரில் விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனத்தை வாங்கிய பிராட்காம், அடுத்த மாதமே ஒருமுறை காசு கட்டி வாங்கும் நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. வாங்கும்போது யாரிடம் வாங்கினோமோ அவர்களே கடைசிவரை எதிரில் இருப்பார்கள் என்று நம்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் டேட்டா சட்டம், கிளவுட் சேவையிலிருந்து வாடிக்கையாளர் வேறிடம் மாறுவதைத் தடுக்கக் கூடாது என்கிறது. மாறுவதற்கான கட்டணங்கள் 2027 ஜனவரி 12 முதல் அறவே கூடாது. மற்ற இடங்களில் இருப்பவர்கள் இதையே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தில் நான் இப்போது விரல் வைத்துப் படிக்கும் இடங்கள் சில. தானாகப் புதுப்பிக்கும் வரி இருக்கிறதா, நிறுத்த வேண்டுமானால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். புதுப்பிக்கும்போது விலை எவ்வளவு வரை ஏறலாம். ஆட்கள் குறைந்தால் பயனர் எண்ணிக்கையைக் குறைக்க விடுவார்களா. போகும்போது டேட்டா எந்த வடிவில் கிடைக்கும், அதற்குத் தனிக் கட்டணமா. சேவை 99.9 சதவீத நேரம் இருக்கும் என்பதை அப்படியே நம்பி விடாமல் மணியாக மாற்றிப் பாருங்கள்: வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம் நின்றுபோனாலும் அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை என்று அர்த்தம். 99.5 என்றால் கிட்டத்தட்ட 44 மணி நேரம். அந்த நேரம் மாதக் கடைசி நாளில் வந்தால் என்ன செய்வோம் என்று அக்கவுண்ட்ஸில் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து.

எங்கள் இரண்டாவது மென்பொருளை வாங்கியபோது அக்கா குழுவில் இருந்தார். டெமோ அறைக்குப் பச்சை நோட்டைக் கொண்டுவந்தார். பதினைந்து கதைகளில் பதின்மூன்றை அந்த நிறுவனத்தார் செய்து காட்டினார்கள். கலந்து வரும் பெட்டியைப் பற்றிக் கேட்டபோது அவர்களுடைய பிரதிநிதி கொஞ்சம் யோசித்துவிட்டு, “மேடம், இது எங்க மென்பொருள்ல முடியாது. ரெண்டு ரிட்டர்னாப் பிரிச்சுத்தான் போடணும்” என்றார். இன்னொரு நிறுவனத்தார் பதினைந்தும் முடியும் என்றிருந்தார்கள், எதையும் திரையில் காட்டாமல். அக்கா தயங்கவே இல்லை. “பிரிச்சுப் போட்டுக்கலாம் தம்பி. முடியாதுன்னு சொன்னாரே, இவர்கிட்டயே வாங்கிடுவோம்” என்றார். நோட்டின் பதினோரு பக்கங்களை நகலெடுத்து ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகச் சேர்த்தோம். சட்ட ஆலோசகர் புருவத்தை உயர்த்தினார். ஆனால் மென்பொருள் சொன்னபடி வேலை செய்கிறதா என்று பார்த்து ஏற்றுக்கொள்ளும் சோதனைக்கு அதைவிடத் தெளிவான ஆவணம் எங்களிடம் இல்லை.

ஆறு வருடமாக ஓடுகிறது. அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். போன வாரம் ஒப்பந்தப்படி எங்கள் முழு டேட்டாவையும் இறக்கச் சொன்னேன், விட்டுப் போவதற்காக இல்லை, போக முடியுமா என்று பார்ப்பதற்காக. எக்ஸெல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி என்ற வடிவில் கோப்பு அரைமணியில் வந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினேன். அவர் பில் நம்பர்களைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, “ரிமார்க்ஸ் எங்க தம்பி?” என்றார். சரக்கு ஏன் திரும்பி வந்தது என்று ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் ஆறு வருடமாக அவர் தட்டச்சு செய்துவந்த குறிப்பு அந்த ‘ரிமார்க்ஸ்’ நெடுவரிசையில்தான் இருக்கும். கோப்பில் அந்த நெடுவரிசை இல்லை. அன்று மாலையே அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை புதுப்பிக்கும் தாள் என் டிராயரில் இருக்கிறது.